லாபம், ரெண்டு, மூணு

என் மகள் குழலி ஐந்தேகால் வயதில் ஒத்துழையாமை இயக்கம் நடத்துகிறாள் என்று அரசு மறுவாழ்வு மையத்திலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. “பயனாளி ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் எச்சரிக்கை.” மூன்றாவதும் வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் சக்கர நாற்காலி போகும், பள்ளிக்கூட வேன் போகும், நாளைக்கு ஓர் ஆபரேஷன் என்றால் அதற்கான இலவசமும் போகும். வெள்ளைக்காரன்கூட இத்தனை ஒழுங்காகத் தண்டித்திருக்க மாட்டான்.

குழலி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். வாய் நிறையப் பேச்சு. கால் மட்டும் சொன்னபடி கேட்காது. மூளையிலிருந்து காலுக்குப் போகிற சேதி தப்பும் தவறுமாகப் போவதால் தொடைத் தசை எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். மாத்திரையால் மட்டும் தீருகிற காரியம் இல்லை. தினமும் தசையை இழுத்து, நீட்டி, தளர்த்திப் பழக்க வேண்டும். அதைச் செய்கிறவருக்குப் பெயர் பிசியோ. அப்படி ஒருவரை நான் தேடிய கதைதான் இது.

மையத்தில் பிசியோ கிடையாது. துணைக்கை இருக்கிறது. கட்டிலின் இரு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள். முனையில், ரத்த அழுத்தம் பார்க்கச் சுற்றுவார்களே, அதுபோல மெத்தென்ற பட்டை. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கைதேர்ந்த பிசியோ ஒருவருக்கு உணர்கருவி பதித்த கையுறை மாட்டி, அவர் ஆயிரக்கணக்கான தடவை பிள்ளைகளின் காலைப் பிடித்து நீட்டியதைப் பதிவு செய்து, அதை இந்தப் பட்டைக்குள் இறக்கியிருக்கிறார்கள். கரூரானாலும் கன்னியாகுமரியானாலும் பிள்ளைகளைத் தொடுவது அந்த ஒரே ஆளின் கை. அதற்கு முன்னால் மூன்று ஒன்றியத்துக்கு ஒரு பிசியோ இருந்தார். செவ்வாய்க்கிழமை வருவார், வந்தால். அதனால் துணைக்கை வந்த அன்று நானும்தான் கைதட்டினேன். அதை மறைத்துவிட்டு மேலே சொன்னால் யோக்கியமாக இருக்காது.

நாங்கள் அதைக் ‘கை’ என்றே சொல்வோம். “கைக்குப் போயிட்டு வந்தாச்சா?” என்றுதான் தாய்மார்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். கை இனிமையான பெண்குரலில் “ஒன்று” என்று சொல்லி இழுக்கும். பிறகு இரண்டு, மூன்று என்று போய் ஒன்பதோடு நின்றுவிடும். ஏன் ஒன்பது, பத்து என்றால் ஆகாதா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. குழலி பட்டையைக் கட்டும்போதே அலறத் தொடங்குவாள். ஒன்பது முடியும்போது கட்டிலில் மூத்திரம் போயிருப்பாள்.

“பாப்பா இறுக்கிக்கிறாக்கா,” என்றான் ஆபரேட்டர் பிரகதீஷ். “இறுக்குனா மெஷின் இன்னும் அழுத்தும். அழுத்துனா அவ இன்னும் இறுக்குவா.”

“கொஞ்சம் மெதுவா வைங்க தம்பி.”

“எங்கிட்ட ரெண்டே பட்டன்தாங்க்கா. ஆரம்பி, நிறுத்து.”

“நீங்க என்ன படிச்சீங்க?”

“பிசியோதெரபிங்க்கா. நாலரை வருஷம்.”

“நாலரை வருஷம் ரெண்டு பட்டனுக்கா? அப்ப நீங்களே கையால பண்ணி உடுங்களேன்.”

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். “தொட்டா வேலை போயிருங்க்கா,” என்றான்.

ஆனி மாதம் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிய தொடை எலும்பின் பந்து, நூற்றுக்கு முப்பது பங்கு வெளியே வந்திருந்தது. “தசை இழுக்குது, அதனால எலும்பு நகருது. ஆறு மாசம் பார்க்கலாம். தசை தளர்ந்தா இதோட நிக்கும். இல்லைன்னா தசையையும் வெட்டி எலும்பையும் வெட்டித்தான் வைக்கணும். நல்ல பிசியோவா பாருங்கம்மா.”

“எங்க சார் இருக்காங்க?” என்று கேட்டேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பதினோரு பேரிடம் பேசினேன். ஈரோட்டுக்காரர் கிரிக்கெட் விளையாடுகிறவர்களின் தோளை மட்டும்தான் பார்ப்பாராம். நாமக்கல்லில் ஒருவர் போர்டைக் கழற்றிவிட்டு முட்டை ஏஜென்சி எடுத்திருந்தார். திருச்சியில் ஒரு அம்மா, “கையாலயா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆமாங்க என்றேன். “பிள்ளையத் தொட்டா?” என்றார். நான் என்னமோ கள்ளச்சாராயம் கேட்டுவிட்ட மாதிரி. துணைக்கை வந்த பிறகு அதுதான் சரியான முறை என்று ஆகிவிட்டது. அதை விட்டு வெறுங்கையால் செய்து ஏதாவது ஆனால் கேஸ். எவருக்கு எதற்கு வம்பு?

என் வீட்டுக்காரர் கந்தவேல் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். “ஏன் சுகந்தி, உனக்கு மாப்பிள்ளை தேடுறப்பகூட உங்கப்பன் இத்தன பேர்த்தக் கேட்டிருக்க மாட்டாரு,” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதற்கப்புறம் அந்த மாதிரி பேசவில்லை.

கடைசியில் வழி காட்டியவன் பிரகதீஷ்தான். மையத்தின் படியில் குழலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பின்னாலேயே வந்தான்.

“அக்கா, நாஞ்சொன்னேன்னு சொல்லிராதீங்க. இந்தக் கை யாரோடதுன்னு தெரியுங்களா?”

“யாரோடது?”

“திண்டுக்கல்ல அமலோற்பவம் மேடம். எங்க காலேஜுக்கு வந்து ரெண்டு மாசம் பாடம் எடுத்தாங்க. அவங்க தொட்டு ஒரு பிள்ளை அழுது நான் பார்த்ததே இல்லைங்க்கா.”

“அப்பறம் அவங்க கை எம்புள்ளைய மட்டும் ஏன் கதற வெக்குது?”

“உங்க பிள்ளைய மட்டுமில்லைங்க்கா,” என்றான். “ஏன்னுதான் எனக்கும் புரியல.”

ஆடி முதல் ஞாயிறு, பத்து இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்துக்கொண்டு, குழலியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

அந்த ஹாட்பாக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருஷம் ஒலி வெட்டுகிற வேலை பார்த்தேன். காதில் ஹெட்போன், திரையில் ஏறி இறங்கும் கோடுகள். படம் எதுவும் வராது. யார் பேசுகிறார்கள், எதற்கு, எந்த ஊர், எதையும் சொல்ல மாட்டார்கள். காதில் யாராவது எண்ணுவார்கள். எண் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு, முடிகிற இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். எண்ணாக இல்லாத பேச்சு, இருமல், கொஞ்சல் எல்லாம் கழிவு. கழிவை வெட்டிவிட வேண்டும். ஒரு மாதம் நான்தான் எல்லாரையும்விட வேகமாக வெட்டினேன் என்று மேடையேற்றி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அரக்கு நிற மூடியில் ‘உங்கள் உழைப்பே எங்கள் உயரம்’ என்று பொறித்திருக்கும். நல்ல சாமான், இட்லி மத்தியானம்வரை சூடாறாது. அந்த வேலையைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அமலோற்பவம் அம்மாவின் வீடு தானிய மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அறுபது தாண்டியவர், நெடுநெடுவென்று உயரம். கதவைத் திறந்ததும் நான் பார்த்தது அவர் கையைத்தான். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கிப் போயிருந்தன. கணுக்கள் வீங்கியிருந்தன. எனக்கு அந்த இடத்திலேயே பாதி உயிர் போய்விட்டது.

“பார்க்கிறல்ல,” என்றார் அவர். “முடக்குவாதம். கை போயிட்டிருந்துச்சு தாயி. முழுசாப் போறதுக்குள்ள எடுத்து வச்சுக்கட்டும், நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஆகும்னுதான் குடுத்தேன். இப்ப டம்ளர் பிடிக்க முடியல. நீ எதுக்கு வந்தேன்னு தெரியுது. என்னால ஆகாது.”

“மெஷின்ல எம்புள்ள கதறுறாம்மா.”

“கதறுறாளா?” அவர் நம்பவில்லை. “எதுக்குக் கதறணும்? திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தாக. ஒரு பொம்மையப் படுக்க வச்சு ஓட்டிக் காட்டுனாக. நல்லாத்தான் இருந்துச்சு.”

“பொம்மை அழாதுங்கம்மா.”

அவர் குழலியின் காலைப் பார்த்தார். பிறகு பாயை விரித்து, “படுக்க வை,” என்றார்.

குழலி படுக்கும்போதே காலை விறைத்துக்கொண்டாள். அமலோற்பவம் அம்மா அவள் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, மடங்கிப்போன வலதுகையின் புறப்பக்கத்தை அவள் தொடைமேல் சும்மா வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்:

“லா…பம்.”

அப்புறம் ஒன்றுமே செய்யவில்லை. குழலி பயத்தோடு காத்திருந்தாள். ஒன்றும் நடக்காததால், சந்தில் கத்திய சேவலைப் பற்றிக் கேட்டாள். அம்மா பதில் சொன்னார். கை அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். விறைத்திருந்த கால், தானாக, வெயிலில் வைத்த மெழுகு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் பிள்ளையின் கால் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை.

“என் கைமேல உன் கைய வச்சு அமுக்கு,” என்றார் என்னிடம். “ரெண்டு.”

நான் அமுக்கினேன். ஆனால் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ‘லா’வைக் கொஞ்சம் இழுத்து, ‘பம்’மை மெல்ல வைக்கிற அந்தக் குரலை ஏழு மாதம், தினம் எட்டு மணி நேரம், காதுக்குள் வைத்துக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வெட்டியிருக்கிறேன்.

பத்து வரை எண்ணி முடித்தார். குழலி ஒரு தடவைகூட அழவில்லை.

“எங்கப்பா இங்க மண்டியில அளக்குற வேலை பார்த்தாரு,” என்றார் அவர். “முதல் படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக. லாபம்னுதான் சொல்லணும். லாபம், ரெண்டு, மூணு. எனக்கு அந்த வாய்தான் வந்துச்சு.”

“தெரியும்மா. எங்கப்பாவும் குளித்தலையில நெல்லு அளந்தவருதான்.”

“அந்த முதல் ஒண்ணு இருக்கே, அது இழுக்குறது இல்ல. கேக்குறது. இன்னைக்கு எப்படி இருக்க, ராத்திரி தூங்குனியா, வழி விடுவியான்னு காலைக் கேக்குறது. அது பதில் சொன்னாத்தான் ரெண்டு. சொல்லலைன்னா அன்னைக்கு ரெண்டே கெடையாது. அதுக்கு பலம் வேணாம். அதான் இந்த ஒடஞ்ச கையாலயும் முடிஞ்சுச்சு.”

“மெஷின்ல அது இல்லைங்கம்மா. எடுத்ததுமே இழுக்குது. உங்க ரெண்டைத்தான் அது ஒண்ணுங்குது. ஒன்பதோட நின்னுருது.”

“அது எப்படி இல்லாமப் போகும்? நான் குடுத்தேனே. ஒவ்வொரு தடவையும் குடுத்தேனே!”

குழலிக்குப் பசிக்கும் என்று பையிலிருந்து ஹாட்பாக்ஸை எடுத்துத் திறந்தேன். அமலோற்பவம் அம்மா மூடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பி அடுக்களை அலமாரியைக் காட்டினார். அங்கே அரக்கு நிற மூடியோடு அதே ஹாட்பாக்ஸ் இருந்தது.

“பதிவு முடிஞ்ச அன்னைக்கு சால்வை போட்டு எனக்கு அதக் குடுத்தாக,” என்றார். “உனக்கு எப்படி வந்துச்சு?”

சந்தையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. குழலி அவர் மடியில் தலையை வைத்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்பது போலக் கேட்டார். “லாபம்னா ஒண்ணுன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா வெட்டுன?”

“முதல் வாரம் டீம் லீடரக் கேட்டேங்கம்மா. இந்தம்மா லாபம்னு சொல்றது ஒண்ணுதான், அதையும் சேத்தணுமான்னு. எண் பட்டியல்ல லாபம் இருக்கான்னு கேட்டாரு. இல்லைன்னேன். அப்பக் கழிவு, கட் பண்ணுங்கன்னாரு. இவங்க ஒன்பதுதான் பண்றாங்கன்னு எழுதிக்கறேன்னாரு. இன்னொரு தடவ கேட்டா வேகம் கொறையும், பேர் கீழ போயிரும். கேக்கல.”

“எத்தன?”

“நாலாயிரத்துக்கு மேல. ஒலிய வெட்டுன இடத்துல உங்க கைப் பதிவும் சேந்தே போயிருக்கும்மா.”

அவர் குழலியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மடங்கிய விரல்களால் தடவ வராது, மணிக்கட்டால் தடவினார். “உம்பிள்ளைக்கு நீ பஸ் ஏறி வந்துட்ட. மத்த பிள்ளைகளுக்கு எவ வருவா?” என்றார். “எழுதிக் குடு. நீதான் வெட்டுனேன்னு எழுதிக் குடு. நானும் சேந்து ஒப்பம் வைக்கிறேன். கையெழுத்து வராது. கைநாட்டு வைக்கிறேன்.”

சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எழுதவில்லை. பயம். வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தில் வெளியே பேசக் கூடாது என்று இருந்தது. அதைவிடப் பெரிய பயம், மற்ற தாய்மார்களுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பார்களா என்பது. என் பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்டது, முதலில் அதைப் பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தன் பிள்ளை என்று வரும்போது எல்லாரும் உத்தமிதான்.

மையத்தில் பட்டையைக் கட்டியதும் பிரகதீஷிடம், “ஒரு நிமிஷம் பொறுத்துப் பட்டனை அமுக்குங்க தம்பி,” என்பேன். குழலியின் தொடைமேல் கையை வைத்து, “லாபம்,” என்பேன். இழுக்க மாட்டேன், அமுக்க மாட்டேன். வகுப்பில் யாரோ யாரையோ கிள்ளிய கதையைச் சொல்வாள். கால் வழிவிட்டதும் கண்ணைக் காட்டுவேன், பிரகதீஷ் பட்டனை அமுக்குவான். மெஷின் “ஒன்று” என்று சொல்லும். அது ரெண்டு என்று எனக்கும் குழலிக்கும் தெரியும். நானும் அவளும் சிரித்துக்கொள்வோம்.

முதல் வாரம் அலறல் நின்றது. ஆவணியில் கட்டிலில் மூத்திரம் போவது நின்றது. பக்கத்துக் கட்டிலில் மகன் இர்ஃபானை வைத்திருந்த நஸீமா, “என்ன மந்திரம் போடறீங்க? எங்களுக்கும் சொல்லுங்க,” என்றாள். சொன்னேன். எங்கே கற்றேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. புரட்டாசியில் ஆறு கட்டிலில் ஆறு தாய்மார்கள் கை வைத்து “லாபம்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து யாராவது வந்து கேட்டால் மண்டி என்றே நினைத்திருப்பார்கள். ஐப்பசியில் குழலி சுவரில் சாய்ந்து, கால் பின்னாமல், இருபது எண்ணுகிற வரை நின்றாள். கந்தவேல் பட்டறையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எக்ஸ்ரேயில் பந்து முப்பதிலேயே நின்றிருந்தது. “இப்படியே போனா கத்தி வேண்டாம்,” என்றார் டாக்டர்.

ஒவ்வொரு ஞாயிறும் திண்டுக்கல்லிலிருந்து போன் வரும். “ஏத்தா, எழுதிட்டியா?”

“இப்ப நல்லாத்தானே போவுது. தேளை எதுக்கு எடுத்து மடியில போட்டுக்கற?” என்றார் கந்தவேல். அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அப்படித் தோன்றுகிற என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. கரூரில் ஆறு கட்டிலுக்குத் தாய்மார் கை இருந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கதறிக்கொண்டுதானே இருந்தார்கள்? எழுதினேன். நான் வெட்டியது, எதை வெட்டினேன், அது ஏன் வேண்டும், எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதி, திண்டுக்கல் போய்க் கைநாட்டு வாங்கி, கம்பெனிக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் ஒழுகுகிற குரல்.

“உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம் மேடம்.”

“அந்த வெட்டுன பகுதிங்க? அதைத் திரும்பச் சேத்திருவீங்களா?”

“கழிவு டேட்டாவை அப்பவே அழிச்சிடுவோம் மேடம். ஆனா கவலைப்படாதீங்க. அடுத்த வெர்ஷன்லயே லாபத்தைச் சேர்த்துடறோம். நம்ம மண்ணோட சொல் இல்லையா? எங்க டீம்ல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

என்மேல் நடவடிக்கை கிடையாது என்றும் சொன்னாள். அன்று எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அமலோற்பவம் அம்மாவுக்குச் சொன்னேன். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்றார். போனை வைக்கப் போனவர், “எப்படிச் சேர்ப்பாக? அழிச்சாச்சுங்கிறாக. என் கையும் இப்படிக் கெடக்கே,” என்றார். “பெரிய ஆளுங்கம்மா, ஏதாச்சும் வழி வெச்சிருப்பாங்க,” என்றேன்.

கார்த்திகையில் புதிய வெர்ஷன் வந்தது. மையத்து வாசலில் வாழைமரம் கட்டி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். சுவரில் புது அறிவிப்பு: ‘முதல் நிலை இயந்திரத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால், பெற்றோர் குழந்தையின் மீது கை வைக்கக் கூடாது. மீறினால் எச்சரிக்கை பதிவாகும்.’ கட்டிலுக்கு மேலே கேமரா மாட்டியிருந்தார்கள். பிரகதீஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழலிக்குப் பட்டை கட்டினான். பட்டனை அமுக்கினான்.

“லாபம்,” என்றது மெஷின். சுத்தமான உச்சரிப்பு. ‘லா’வைக் கொஞ்சம் இழுத்தும் இருந்தது.

சொன்ன மறுகணமே இழுத்தது. பிறகு இரண்டு, மூன்று. ஒன்பதோடு நின்றது. ‘ஒன்று’ என்கிற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘லாபம்’ என்கிற சொல்லை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. குழலி முதலில் அழவில்லை. ஏமாந்துபோய் என்னைத்தான் பார்த்தாள். மூன்றாவதில் அலறினாள்.

பிரகதீஷ் மேலே எழுதிப் போட்டான், நான் எழுதினேன், நஸீமா எழுதினாள். ‘தங்கள் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டது’ என்று மூன்று பேருக்கும் ஒரே பதில். போகாமல் இருக்கவும் வழியில்லை. மூன்றாம் எச்சரிக்கை வாசலில் நின்றது. மையத்தில் என்ன செய்தாலும் வீட்டில் நம் கை இருக்கிறது, அதை எவன் தடுப்பான் என்று தேற்றிக்கொண்டேன்.

இருபது நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வீட்டில் பாயில் படுக்கவைத்து, தொடைமேல் கையை வைத்து, வழக்கம்போல “லாபம்” என்றேன். அவள் கால் மடக்குக் கத்தி மாதிரி படக்கென்று மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, “சொல்லாதம்மா, சொல்லாதம்மா,” என்று கத்தினாள்.

மறுநாள் நஸீமாவிடம் கேட்டேன். இர்ஃபானும் அப்படித்தான் என்றாள். “அந்தப் பேச்ச எடுத்தாலே நடுங்கறான். நீங்க ஏந்தான் சொல்லிக்குடுத்தீங்களோ,” என்றாள். அவள் வையவில்லை, அலுப்பில் சொன்னாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்கழி எக்ஸ்ரேயில் பந்து நாற்பத்தைந்துக்குப் போயிருந்தது. தை பிறந்து இரண்டாம் வாரம் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் தசையை வெட்டி, எலும்பை வெட்டித் திருப்பி, தகடு வைத்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு, கட்டுப் பிரித்ததும், திரும்பவும் கை.

திண்டுக்கல்லுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்தச் சொல்லையும் எடுத்துக்கிட்டாகளா,” என்றார் அமலோற்பவம் அம்மா. அடுத்த ஞாயிறிலிருந்து போன் வரவில்லை. நானும் போடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்த நேரம். துணிமணி எடுத்து வைத்தாகிவிட்டது. ஹாட்பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். குழலி பாயில் படுத்து மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தொடைமேல் கையை வைத்தேன். கால் விறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. லாபம் என்றும் சொல்லவில்லை, ஒன்று என்றும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். “அம்மா, எண்ணலையா?”

“இல்ல சாமி.”

“நெசமா?”

“நெசமா.”

விறைப்பு மட்டும் விடவில்லை; அடுத்த இழுப்புக்குக் கால் காத்திருந்தது. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“அப்ப ரெண்டு எப்பம்மா வரும்?”

கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.